லூவெலுக்குத் தோட்டம் கிடையாது

அன்புள்ள ஒடீல் அக்காவுக்கு,

தம்பி ஃபிர்மேன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மொரிசெத்தும் மாடுகளும் சுகம். பாரிஸில் நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூட்டுவலிக்கு வெண்ணெயை நிறுத்தச் சொன்ன அந்த டாக்டர் நிச்சயம் நம் நார்மண்டிக்காரராக இருக்க முடியாது. அத்தான் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆப்பிள் தோட்டத்தில் பாதி உன் பெயரில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களாக என் பீப்பாய் கெட்டுப்போகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த வருடமும் சாராயம் சரியாக வராவிட்டால் தோட்டத்தைப் பக்கத்து நிலத்து லூவெலுக்கு விற்றுவிடலாம், அவன் மரங்களை வெட்டிவிட்டு மாட்டுக்கு மக்காச்சோளம் போடட்டும் என்கிறாய். முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததைக் கேள்.

இந்த வருடம் காய்ப்பு அமோகம். பழங்கள் தானாக விழும்வரை காத்திருந்து, புல்லிலேயே குவித்து, கட்டைவிரல் வைத்தால் உள்ளே இறங்கும் பதம் வந்தபிறகு அரைத்துப் பிழிந்தேன். போன வருடம் சாறு காடியாகிப் போனதால், இந்த முறை பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்தித் தாராளமாகப் புகை போட்டேன்; புகை மிஞ்சினால் சாறு பொங்காது என்பார்கள், ஆனால் ஒரு திரிதானே. சாறை ஊற்றினேன். தினமும் காலையில் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டேன். பொங்குகிற சத்தமே இல்லை, கல் மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் மொரிசெத் வாயைத் திறந்தாள்.

"நீங்க மறந்துடுவீங்கன்னு நானும் ஒரு திரி கொளுத்தினேன்."

"நான் எப்படி மறப்பேன்?"

"கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுக்கு வரவே மறந்தீங்களே."

அன்றைக்கு மாடு கன்று போட்டுக்கொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியும். அதை விடு. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து லூவெல் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, பீப்பா தூங்குதா? ரெண்டு மூட்டை சர்க்கரையக் கொட்டு, எந்திரிச்சுடும்."

"சர்க்கரையக் காய்ச்சுறதுக்கு எனக்கு ஆப்பிள் எதுக்குடா?" என்றேன்.

பீப்பாய்க்குச் சூடு போதவில்லை என்று அடுப்படிக்கு உருட்டினேன். வாசலில் நுழையவில்லை, அதனால் கதவை நிலையோடு பெயர்த்தேன். நவம்பர் குளிரில் கதவில்லாத சமையலறையில் மொரிசெத் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சூப் வைத்தாள். ஆனால் பார், ஒரு காலையில் பீப்பாய் முணுமுணுத்தது. அடுப்புச் சூட்டின் மகிமை என்று நான் ஊரெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் விஷயம் தெரிந்தது, இவள் பன்றிக்கு வேண்டும் என்று பொய் சொல்லி லூவெல் வீட்டிலிருந்து பொங்குகிற சாறு ஒரு வாளி வாங்கிவந்து உள்ளே ஊற்றியிருக்கிறாள். என் பீப்பாயில் லூவெலின் சாறு. சாப்பாடு இறங்கவில்லை அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்த லூவெலே கறுப்புக் கோட்டோடு வந்தான், நீ அவனுக்கும் எழுதியிருந்த கடிதத்தைப் பற்றிப் பேச. பீப்பாயைக் கைத்தடியால் தட்டி, "உள்ள ஒண்ணுமில்ல போலிருக்கே" என்றான். அடைப்பு தெறித்தது. நுரை அவன் மீசையிலிருந்து பூட்ஸ்வரை இறங்கியது. அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாராயம் காய்ச்சிக் கொடுக்கிற வண்டி நம் ஊருக்கு வந்து ஓடைக்கரையில் நின்றது. வண்டிக்கார பிலிபெர் என் சரக்கைக் காய்ச்சி, ஒரு வாய் எடுத்து, ஓடைப் பக்கம் திரும்பித் துப்பிவிட்டு வந்தார்.

"ஃபிர்மேன், தீக்குச்சிய உரசி மூக்குல விட்ட மாதிரி இருக்குப்பா."

ஊரே பீப்பாயோடு வரிசையில் நிற்கிறது. எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கலந்து பேசாமல் ஆளுக்கொரு திரி கொளுத்தினோம் என்றா சொல்ல முடியும்?

"அது எங்க மண்ணோட குணம். அடியில கந்தகம் ஓடுது," என்றேன். வரிசையில் நின்ற லூவெலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் தினமும் காப்பிக்குப் பிறகு குடிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வருகிறது, அது வேறு காரணம். பாதி மரம் நான் கையால் நட்டது அக்கா. அவற்றின் மேல் அவன் ரம்பம் பட விடமாட்டேன். ஆகவே இதுதான் என் கடைசி வார்த்தை. லூவெல் எத்தனை முறை வந்து கேட்டாலும் முடியாது என்பேன், நீ வந்து கேட்டாலும் அதேதான்.

அத்தானுக்கு என் வணக்கம். மொரிசெத் உன் இரண்டு கன்னத்துக்கும் முத்தம் அனுப்புகிறாள். கடவுள் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் பிடிவாதக்காரத் தம்பி,
ஃபிர்மேன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பதில் கேட்க லூவெல் வந்தான். மரியாதைக்கு ஒரு கிளாஸ் ஊற்றினேன். சவரம் செய்யும்போதே மறுப்பை வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் ஒரு வாய் குடித்தான், இருமினான், கிளாஸைக் கீழே வைத்தான். "நீ சொன்னது நெசந்தான், மண்ணே கந்தகம். இதுல சோளம் போட்டு என் மாட்டுக்குக் குடுக்கவா? உன் தோட்டம் எனக்கு வேணாம்பா," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நம் அப்பாவின் தோட்டத்தை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? அக்கா, உடனே அவனுக்கு ஒரு கடிதம் போடு. தம்பி சம்மதித்துவிட்டான், மண் தங்கமான மண், வந்து கேள் என்று எழுது. விலையைக்கூடக் குறைத்துக்கொள். அவன் வந்து கேட்டால்தானே நான் முடியாது என்று சொல்ல முடியும்.