முதலைக்குப் போன கோடிகள்

"எண்பது கோடியில எனக்கு வந்தது நாப்பது லட்சம். மிச்சம் எந்தக் குகையில இருக்கு, கணக்கு சார்?"

கதாநாயகன், எண்பது கோடிப் படம் என்று விளம்பரம் வந்த நாளிதழை மேசைமேல் விரித்து, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். கணக்காளர் நாளிதழைப் பார்த்தார்.

உண்மையில் அந்தச் சாகசப் படத்துக்கு ஆன செலவு எட்டுக் கோடி. எரிமலை வெடித்தது தயாரிப்பாளரின் கார் ஷெட்டில். நடுக்கடல் புயலுக்கு இரண்டு மின்விசிறி. "எட்டுன்னு போட்டா எவன் வருவான்? பக்கத்துல ஒரு சைபர் போடுய்யா. வெளிய கசிஞ்சா உன் சீட்டு கிழிஞ்சுது" என்று தயாரிப்பாளர் சொல்ல, சைபர்தானே என்று கணக்காளரும் தாராளமாகப் போட்டுவிட்டார்.

படம் மூன்று வாரத்தில் இருபது கோடி வசூலித்தது. எட்டுப் போட்டு இருபது எடுத்த தயாரிப்பாளர், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். எண்பது போட்டு அறுபதைத் தொலைத்தவர் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்காக வெளியறையில் மூக்கை உறிஞ்சினார். உடம்புக்கு நல்ல பயிற்சி.

"சொல்லுங்க சார். எங்க போச்சு?"

"முதலைக்குப் போச்சு தம்பி."

"எந்த முதலைக்கு?"

"கடைசிச் சண்டையில ஆத்துல கட்டிப் புரண்டீங்களே, அதுக்கு."

"அது ரப்பர்னு சொன்னீங்க!"

"சொன்னதாலதானே தைரியமா அது வாயில கையை விட்டீங்க? பழக்கின முதலை தம்பி. வெளிநாட்டுலேருந்து விமானத்துல வந்துச்சு. ஜன்னல் சீட்டு."

கதாநாயகன் முகம் வெளுத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு புடைத்தது. "நிஜ முதலையையா அந்த அடி அடிச்சேன்?"

சம்பளப் பேச்சு அத்தோடு போயிற்று. அன்று மாலையே அவன் தொலைக்காட்சியில் சட்டைக் கையை மடித்து, இல்லாத தழும்பை எல்லாருக்கும் காட்டினான். நிஜ முதலை என்றதும் கைக்குழந்தை முதல் கைத்தடி வரை அரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். வசூல் எழுபதைத் தொட்டது. தயாரிப்பாளர் கணக்காளரின் கன்னத்தைக் கிள்ளி, "அடுத்த படத்துல நீ பங்காளிய்யா! இந்த முதலையை மட்டும் காப்பாத்திடு" என்றார்.

கணக்காளர் அந்தச் செய்தியை வீட்டில் மனைவியிடம் சொல்லி, இரண்டாவது தடவை காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அலுவலக வாசலில் பொம்மைக்காரர் நின்றார்.

"என்னண்ணே இது? ராப்பகலா ரப்பரை உருக்கி முதலை செஞ்சது நானு. இப்ப நிஜ முதலைங்கறீங்க. என் பொண்டாட்டியே, அப்ப நீ என்னத்தைச் செஞ்சேன்னு கேக்கறா."

"உன்னோடது ஒத்திகைக்குப்பா."

"ஒத்திகையா? என் பேரைத் திரையில போட்டிருக்கீங்க! இதுக்கு ஒரு வழி சொல்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று அவர் உள்ளே வந்து நாற்காலியில் சம்மணம் போட்டார்.

பின்னாலேயே விலங்கு நல அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மையார். சிரிப்பு என்பது தேவையில்லாத செலவு என்று நினைப்பவர்.

"முதலைக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"வந்து... அது இப்ப இங்க இல்லீங்க மேடம்."

"எங்க?"

"ஆத்துலயே விட்டுட்டோம்."

"ஜனங்க துணி துவைக்கற ஆத்துலயா? கேஸு ரெண்டாச்சு. கிளம்புங்க."

கணக்காளருக்குப் பங்காளி ஆவது இருக்கட்டும், கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. "மேடம், முதலையும் பொய், எண்பதும் பொய். செலவு எட்டு. முதலை ரப்பர். பின்னாடி கிடங்குல கிடக்கு, வந்து பாருங்க!"

தயாரிப்பாளர் உள்ளறையிலிருந்து பாய்ந்து வந்தார். கதாநாயகனும் செய்தி கேட்டு ஓடி வந்தான். எல்லாரும் கிடங்குக்குப் போனார்கள். மூலையில் நீளமாக ஒரு சாக்கு மூட்டை. கணக்காளர் சணல் தையலை அறுத்தார். பச்சைப் பசேலென்று ரப்பர் முதலை வெளியே வந்தது. அதிகாரி வாலை மிதித்தார். 'பீங்' என்றது.

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். "சரி, கேஸ் இல்லை. பொய் விளம்பரத்தை மட்டும் நிறுத்துங்க."

"நிறுத்தறதா? எட்டுப் போட்டு எழுபது எடுத்தோம்னு உண்மையையே போடுவோம் மேடம். அது இன்னும் எடுப்பா இருக்கு!" என்ற தயாரிப்பாளர் கணக்காளரைக் கட்டிக்கொண்டார். "பங்காளி பங்காளிதான்யா!" கதாநாயகன் முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது. கணக்காளர் அவன் தோளைத் தட்டி, எதுவானாலும் அடி அடிதான் தம்பி என்று தேற்றினார். நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு முழுதாக வந்தது.

பொம்மைக்காரர் அறுந்த சணலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது படப்பிடிப்புக்கு முன்னாடி என் பட்டறையில நானே போட்டு அனுப்பின தையல். இப்பதான் முதல்முதலா பிரிக்கறீங்க. அப்ப அன்னிக்கு ஆத்துல தம்பி யார் வாயில கையை விட்டாரு?"