பாவாயி சொன்ன நன்றி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை நாலு பேருக்குத் தெரியவைக்காமல் ஒரு டீ கூடக் குடிக்காத காலம் ஒன்று எனக்கு இருந்தது. சேலத்தில் ஆங்கில இலக்கியம் பி.ஏ. முடித்துவிட்டு, இரண்டு வருடம் வேலை இல்லாமல், கடைவீதியில் இங்கிலீஷ் பேப்பரை அகலமாக விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். (படித்ததெல்லாம் சினிமா விளம்பரம்தான்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. எருமப்பட்டிக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில், கூலிவேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தையல் மையம் நடத்தியது. அதற்கு ஆள் எடுத்தபோது டைரக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஃபாரின்காரங்க வந்தா இங்கிலீஷ்ல சமாளிப்பியா?"

சமாளிப்பேன் என்றேன். கிராமத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களைப் பற்றியும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் இரண்டிலும் முட்டை வாங்கியிருப்பேன்.

ஒரு ஜிப்பா, ஒரு ஜோல்னாப் பை, 'பெண் விடுதலை' என்ற சொல். இந்த மூன்றுடன் ஊர் போய்ச் சேர்ந்தேன். மையத்தில் பாய் இருந்தது, அளவெடுக்கும் டேப் இருந்தது, பதினைந்து பெண்கள் இருந்தார்கள். மிஷின் மட்டும் இல்லை. ஏதோ ஒரு நாட்டுப் புண்ணியவான்கள் வாங்கிக் கொடுத்த ஆறு தையல் மிஷின்கள் எங்கே என்று மையத்தின் உள்ளூர்த் தலைவரிடம் கேட்டேன். ஊரில் பாதி நிலம் அவருடையது. மையம் நடந்த ஓட்டுக் கட்டடமும் அவருடையதுதான்.

"அங்க தூசு படியுதுன்னு எங்கூட்டுல வெச்சிருக்கறனுங்க தம்பி. சும்மா கெடந்தா துருப் புடிச்சுக்குமில்லீங்களா? மருமகளுக ஓட்டிப் பாத்துக்கறாங்க."

அந்த மாத அறிக்கையில் நான் எழுதினேன்: 'இயந்திரங்கள் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன.' (பொய் இல்லை, பாருங்கள்.)

மிஷின் இல்லாத தையல் வகுப்பில் பழைய பேப்பரை வெட்டித்தான் பழகினார்கள். அதில் கெட்டிக்காரி பாவாயி. வயது முப்பத்தைந்து இருக்கும். கிணறு வெட்டப் போன புருசன் மண் சரிந்து செத்துப்போக, கடலைக்காட்டுக் களைவெட்டில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிவந்தாள். நான் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு ரவிக்கைக் கையை அவள் வெட்டி நீட்டினாள். மயிரிழை பிசகவில்லை. அந்தப் பேப்பரை அதற்கு முன் யாரும் அவ்வளவு உருப்படியாகப் பயன்படுத்தியதில்லை.

நாலு மாதம் கழித்து, பணம் கொடுத்தவர்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மிஷின்களும் தலைவரின் டிராக்டரில் ஊர்வலமாக மையத்துக்கு வந்தன. பெண்களுக்குப் பேச ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பாவாயிக்குக் கொடுத்தது: 'இந்த மிஷினால் என் வாழ்க்கையே மாறிவிட்டது. நன்றி.'

"மாறிப்போச்சுன்னு சொன்னாப் பத்தாதுங்களா சாமி?" என்று கேட்டாள்.

"மாறிவிட்டதுன்னுதான் சொல்லணும்" என்றேன். இலக்கணத்தில் நான் கறார்.

மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அவர் கணவரும் வந்தார்கள். மாலை, இளநீர், குத்துவிளக்கு எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் டைரக்டர், மறுபக்கம் வெள்ளைச் சட்டையில் தலைவர், நடுவில் நான். பெண்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள், நான் மொழிபெயர்த்தேன். பாவாயியின் முறை வந்தபோது அந்த அம்மா குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். இந்த மிஷினில் நீங்கள் என்னென்ன தைப்பீர்கள்?

பாடத்தில் இல்லாத கேள்வி. பாவாயி என்னைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்கம்மா, மறைச்சு என்னாவப் போவுது? இந்த மிஷினு நேத்துப் பொழுது சாயத்தான் இங்க வந்துச்சு. நீங்க போனதும் பண்ணாடி ஊட்டுக்குத் திரும்பிப் போயிரும். நாங்க நாலு மாசமாக் காயிதத்தத்தான் வெட்டிக்கிட்டிருக்கறமுங்க. இது இங்கயே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதுமுங்க."

பண்ணாடி என்றால் அந்த ஊரில் நிலத்துக்காரர். அதாவது நம் தலைவர். டைரக்டரின் முகம் வெளுத்தது. தலைவர் மீசையைத் தடவுவதை நிறுத்தினார். வெள்ளைக்கார அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

அத்தனை வருடம் நான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் தேவைப்பட்டது. எடுத்துவிட்டேன். இந்த மிஷின் வந்தபிறகு தன் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சொல்கிறாள், நன்றி சொல்ல வார்த்தை வரவில்லையாம் என்றேன். என் சொந்தச் சரக்காக, உங்களைத் தெய்வமாக நினைக்கிறாளாம் என்றும் சேர்த்தேன்.

அந்த அம்மாவின் கண் கலங்கியது. எழுந்து வந்து பாவாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "எஸ், எஸ்" என்றார். கணவர் கைதட்டினார். டைரக்டர் தட்டினார். தலைவரும் தட்டினார். (அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் என் மூஞ்சியைப் படிக்கத் தெரியும்.) கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பெண்களும் தட்டினார்கள். எஸ் என்றால் சரி என்பது பாவாயிக்குத் தெரிந்திருந்தது.

கார் கிளம்பியதும் அவள் என்னிடம் வந்து கும்பிட்டாள். "ஒரு வார்த்தை உடாமச் சொல்லிட்டீங்களாட்ட இருக்குது. நீங்க நல்லா இருக்கோணும் சாமி."

நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். பார்ப்பவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சற்று நேரத்தில் டிராக்டர் வந்தது. பெண்கள் பதினைந்து பேரும் வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். டைரக்டரோடு பேசிக்கொண்டிருந்த தலைவர் எழுந்து வந்தார்.

"என்ன பாவாயி இது?"

"மிஷினு இங்கயே இருக்கட்டுமுங்க பண்ணாடி. அந்தம்மா சரீன்னுட்டாங்க."

"ஆரு சொன்னது?"

"தம்பி எடுத்துச் சொல்லித்தானுங்களே அவிக கைதட்டுனாங்க. தம்பியவே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் சிரித்த முகமாகவே கேட்டார். "ஏனுங்க தம்பி, அப்படியா சொன்னீங்க?"

ஆமாம் என்றால் போதும். ஒரே ஒரு சொல், அதுவும் தமிழ்ச் சொல். மிஷின் அங்கேயே நின்றிருக்கவும் கூடும். வேலை அன்றோடு போயிருக்கும். சேலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அப்பா என்ன சொல்வார், கடைவீதியில் மறுபடி எந்தக் கடைமுன் நிற்பது, எல்லாம் மனதில் ஓடியது.

"நன்றின்னு சொன்னேங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. டிராக்டர் ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிட்டு, "என்னதுங்க?" என்றார். இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பெண் விடுதலைக்காக நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

பாவாயி கத்தவில்லை. "நான் பேசுனது அத்தனையும் அவிக பாசைல நன்றிங்களா சாமி?" என்று மட்டும் கேட்டாள். அவள் எழுந்து உள்ளே போனாள். முதல் மிஷினில் கோத்திருந்த நூல்கண்டைக் கழற்றி, "இது நான் வாங்குனதுங்க" என்று எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். மிஷின்கள் டிராக்டரில் ஏறின.

டைரக்டர் என் முதுகில் தட்டி, "பிரமாதமா சமாளிச்சேப்பா" என்றார்.

அடுத்த நாளிலிருந்து மையத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. தெருவில் என்னைக் கண்டால், காட்டுக்குப் போகிற பெண்கள் நின்று, "நன்றீங்க தம்பி!" என்று கூவிச் சிரித்தார்கள். ஒரே மாதத்தில் அந்தச் சொல் ஊரில் வசவாகிவிட்டது. வெள்ளாமைக்குள் ஆட்டை விட்டவனைப் பார்த்து ஒரு அம்மா, "இரு, வந்து உனக்கு நன்றி சொல்றேன்!" என்று கல்லெடுத்ததை நானே பார்த்தேன்.

அந்த வெளிநாட்டார் தங்கள் ஆண்டு மலரில் பாவாயியின் படத்தைப் போட்டு, அதன் கீழே என் வாக்கியத்தை அச்சடித்திருந்தார்கள். மறு வருடமும் அவர்கள் வந்தபோது தலைவரின் மருமகள்களும் சொந்தக்காரப் பெண்களும் நகையைக் கழற்றி வைத்துவிட்டு ஏழைப் பெண்களாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். சிரமமே இல்லை. அவர்கள் உண்மையிலேயே நன்றிதான் சொன்னார்கள்.

பிறகு நான் விலகினேன். மனசாட்சி உறுத்தி விலகினேன் என்று எழுத ஆசை. நாமக்கல்லில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது, அதுதான் காரணம். பாவாயி எருமப்பட்டியில் ஒரு தையல்காரரிடம் சட்டைக்குக் காஜா எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில், ஒளிவுமறைவு இல்லாத மனிதன் என்று காட்டிக்கொள்ள, இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நன்றிக்கு ஒரே அர்த்தம்தான். "என்ன கண்ணு, உங்கம்மா இந்தச் சத்தம் போடறாங்க?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டால், என் மகள், "ஒண்ணுமில்லீங்க அத்தை, அப்பாவுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்காங்க" என்பாள். சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள், "அந்தம்மா நிசமா என்னதான்ப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. அப்படியே சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, தன் பள்ளிக்கூட நோட்டில் அதை இங்கிலீஷில் எழுதி என்னிடம் நீட்டினாள். எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். சிவப்புப் பேனாவோடு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை கூட இல்லை.