ரோசாப்பூக் குடையும் மூன்று கோதுகளும்

யோசிக்காமல் பிழை விட்டால் மன்னிக்கலாம். நான் யோசித்துப் பிழை விட்டவன்.

நாடு விட்டு வந்து மெரிலேண்ட்ஸில் இருந்த காலம். கிழமை நாட்களில் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடுகிற கிளப். அங்கே சேர ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் செல்வம் அண்ணன். மலேசியாக்காரர். சுடும்போது "தொடங்கு", "நிறுத்து" சொல்லும் அதிகாரியும் அவர்தான்.

"வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து துவக்கு பழகிறியளோ?" என்றாள் மனைவி.

நான் ஞாயிறு தவறாமல் போனேன். 

சுட்டதும் துவக்கிலிருந்து தெறிக்கும் வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, திரும்ப மருந்தடைத்துச் சுடும் ரவையாக்குவது என் பழக்கம். ஒரு கோது தொலைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. சொந்தப் பிஸ்டல் வாங்க அனுமதி வந்ததும் அண்ணனோடு கடைக்குப் போனேன். வெளியே அடிக்கும் சுத்தியல் இல்லாமல், உள்ளேயே ஊசி ரவையைக் குத்துகிற வகையில் இரண்டு பிஸ்டல் காட்டினார்கள்.

"தம்பி, நீ கோது பொறுக்குற ஆளு. இது கோதைக் காலடியில போடும், இதையே எடு. அந்த மலிவுச் சாமான் கண்ட இடத்துல வீசும்லா."

"ஓம் அண்ணை," என்றேன். மலிவானதை வாங்கினேன்.

முதல் ஞாயிறு பத்து வெடி வைத்தேன். பத்துக் கோதும் வலப்பக்கமாக முன்னால் பறந்து, சுடுபவர்கள் தாண்டக் கூடாத கோட்டுக்கு அப்பால் விழுந்தன. கோட்டைத் தாண்டிய கோது கிளப்புக்குச் சொந்தம். அது அங்கத்தைய சட்டம்.

அடுத்த ஞாயிறு மனைவியின் ரோசாப்பூக் குடையைக் கொண்டுபோனேன். (கோயிலுக்கென்று வாங்கியது. அவளைக் கேட்கவில்லை.) விரித்து, ஒரு கதிரையின் முதுகில் சரித்துக் கட்டி, கோட்டோரம் வைத்தேன்.

"என்னப்பா, மழை பிடிக்கவா?" என்றார் அண்ணன்.

"கோது பிடிக்க."

சிரித்தார். விட்டுவிட்டார். அது அவர் விட்ட ஒரே பிழை.

டக், டக் என்று குடைக்குள் விழுந்தன. அவ்வளவு கெட்டிக்காரனாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

காற்று வந்தது. கட்டு அவிழ்ந்தது. குடை கோட்டைத் தாண்டி உருண்டது, என் கோதுகளோடு. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!" அண்ணன் "நிறுத்து" என்பதை இங்கிலீஷில் கத்தினார்.

வெடி நின்றது. ஆறு பேர் அசையாமல் நின்றார்கள். எதிரே நான், பூக்குடையோடு. உள்ளே மூன்று கோது மிச்சம்.

அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. "உன் வீட்டுக்கு வந்து நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்?" என்றார்.

என்னைக் கிளப்பிலிருந்து நீக்கினார்கள். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கையில் கட்டியிருந்த அதிகாரிப் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இவன் நான் கையெழுத்துப் போட்ட ஆளு," என்றார். பதினொரு வருடம் போட்டிருந்த பட்டி. பிறகு அவரும் அங்கே போகவில்லை.

பிஸ்டலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கேட்ட முதல் கேள்வி, "குடை எங்க?"

இன்றைக்கும் காற்றடித்து, கொடியில் காயும் உடுப்பு பறந்து, நான் எடுக்கப் போனால் பிள்ளைகள் "சீஸ் ஃபயர்!" என்று கத்துவார்கள். மனைவி கரண்டியும் கையுமாகக் குசினியில் அப்படியே நிற்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

இந்தப் பகிடி செல்வம் அண்ணனுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று இரண்டு தரம் அவர் வீட்டு வாசல் வரை போனேன். மணி அடிக்கவில்லை.