ஆறிலக்கக் கையெழுத்தும் ஆறு முள்ளுக் காவடியும்

கெட்டிக்காரனாக இருப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டப் போனால்தான் வில்லங்கம். எண்பத்தாறாம் ஆண்டு நான் எழுதிக் காட்டினேன். வெறும் நாலே நாலு வரி!

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்து, நல்லூரில் ஒரு ரியூட்டரியில் கொம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொம்பியூட்டர் என்றால் ஒன்றே ஒன்று. தட்டச்சுப் பொறியின் முன்பாதி மாதிரி ஒரு பெட்டி. அதைப் பழைய ரீவி ஒன்றில் கொழுவி விடுவோம். பதினெட்டுப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். (அதைத் துடைக்கத் தனியாக ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தேன். அதில் வேறு யாரும் கை துடைத்தால் அன்றைக்கு வகுப்பே கிடையாது.) குடாநாட்டில் என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டைமானாற்றில் எனக்குச் சம்பந்தம் பொருந்தியது. பெண்ணின் பெயர் மாலதி. கோயில் வீதியில் இருபது யார் தூரம் தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கு விசர் பிடித்துவிட்டது! கட்டினால் இவளைத்தான், இல்லாவிட்டால் சாமியாராகப் போவது என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சாதகம் பொருந்தினால் அடுத்துத் தபாலில் மொட்டைக் கடிதம் வரும். எனக்கு வந்தது அதையும் விட மோசம். யாரோ ஒரு புண்ணியவான் என் பெயரிலேயே, அச்சொட்டாக என் எழுத்திலேயே, மாலதி வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான்: 'எனக்குக் கொழும்பில் மனைவியும் பிள்ளையும் உண்டு, என்னை மன்னிக்கவும்.'

மாலதியின் தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். கடிதத்தைக் கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ரியூட்டரி வாசலில் வந்து இறங்கினார்.

"தம்பி, இது உம்மடை எழுத்தோ?"

"ஐயோ மாமா, சத்தியமா இல்லை!"

"சத்தியம் ஆரும் பண்ணலாம். நாளைக்கு இன்னொண்டு வந்தால் நான் எதை நம்பிறது?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.) பெட்டியைப் போட்டேன். நாலு வரி அடித்தேன். நாற்பது ஆறிலக்க எண்கள் கடகடவென்று ரீவியில் வந்து விழுந்தன. இரண்டு தாளில் எழுதி, ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன்.

"மாமா, இனி என்ரை முதல் கடிதத்துக்கு அடியிலை முதலாவது நம்பர் இருக்கும். இரண்டாவதுக்கு இரண்டாவது. உங்கடை தாளோடை ஒத்துப் பாருங்கோ. பொருந்தினால் நான்தான். பொருந்தாட்டில் கிழிச்செறியுங்கோ."

"ஆரும் கண்டுபிடிச்சால்?"

"ஆறு இலக்கம், மாமா! உது எழுந்தமானமாய், ஒரு ஒழுங்குமில்லாமல் வாறது. பிரமனாலையும் சொல்லேலாது!"

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்றைக்கே தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாராம். முதல் கடிதத்தில் 'கொழும்பில் எனக்கு ஒருவரும் இல்லை' என்று எழுதினேன். நம்பர் பொருந்தியது, சந்தேகம் தீர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் தாலிக்கொடி, அழைப்பிதழ் பற்றியவை. அவையும் பொருந்தின. நானோ பெருமை தாங்காமல் அந்த நாலு வரியை வகுப்பிலும் எழுதிப் போட்டு, எல்லோரையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

நாலாவது கடிதம் எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து தகவல் வந்தது: 'வெள்ளி காலை வரவும். எல்லாம் ஆயத்தம்.' மோதிரத்துக்கு அளவெடுக்கத்தான் என்று நினைத்தேன். புதுச் சேட்டு, அதில் அரைப் போத்தல் சென்ற். போய் இறங்கினால் வாசலில் மேளம்! முப்பது சொந்தக்காரர்! நடுவில், மயிலிறகு செருகிய காவடி ஒன்று.

"வாரும் தம்பி, வாரும்! எத்தினை முள்ளு எண்டு நீர் எழுதேல்லை. நான் ஆறு எண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன முள்ளு, மாமா?"

"செடில் முள்ளு. முதுகிலை குத்திறது."

மாமா கடிதத்தை நீட்டினார். என் எழுத்து மாதிரியேதான் இருந்தது. 'சம்பந்தம் பொருந்திய சந்தோஷத்தில் உங்கள் ஊர்ச் சந்நிதி முருகனுக்குச் செடில் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன்.' அடியில் 571308. சேட்டுப் பையில் இருந்த என் தாளைப் பிரித்தேன். நாலாவது எண், 571308!

"மாமா, இது நான்..."

"ஓம், சொல்லும்?"

எதைச் சொல்ல? இதை நான் எழுதவில்லை என்றால், நம்பரை வேறு ஆட்களும் போடலாம் என்றாகிவிடும். அப்படியானால் முதலாவது கடிதத்துக்கு என்ன மதிப்பு? கொழும்புப் பெண்சாதி பிள்ளையோடு திரும்பி வந்துவிடுவாள். கலியாணம் அந்த வாசலிலேயே முடிந்துபோகும். அந்த நேரம் பார்த்து மாலதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, முதன்முதலாக என்னை நேரே பார்த்துச் சிரித்தாள். பாவி, அப்படி ஒரு சிரிப்பு!

"நான்... ஆறு முள்ளுப் போதும் எண்டு சொல்ல வந்தனான், மாமா."

தடுப்பூசி போட வந்த தாதிக்குப் பயந்து கிணற்றடியில் ஒளித்த பரம்பரை நான். முதல் முள்ளு ஏறியதும் "முருகா!" என்று கத்தினேன். சனம் அதைப் பக்தி என்று நினைத்து "அரோகரா!" என்றது. முள்ளில் கட்டிய கயிற்றைப் பின்னால் இழுத்துப் பிடித்த மனிசன் உற்சாகத்தில் இன்னும் இழுத்தான். நான் துள்ளினேன். நான் துள்ளத் துள்ள மேளகாரர் வேகத்தைக் கூட்டினார்கள். காலடி மணல் கொதிக்கிறது, முதுகு எரிகிறது, சனம் கையெடுத்துக் கும்பிடுகிறது! "ஆட்டமெண்டால் இதெல்லோ ஆட்டம்" என்று ஒரு கிழவர் கண் கலங்கினார். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

முள்ளெல்லாம் கழற்றி, மர நிழலில் குப்புறக் கிடந்தபோது மாலதியின் தங்கை வசந்தி மோர் கொண்டுவந்தாள். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த பிள்ளை. என் வகுப்பில்தான் கொம்பியூட்டர் படித்தாள். குனிந்து மெல்லச் சொன்னாள்:

"அத்தான், அஞ்சாவது கடிதத்துக்கு இரண்டு, பூச்சியம், ஒன்பது, நாலு, நாலு, ஏழு."

மோர் மூக்கால் வந்தது.

"நீயோ! அலுமாரியைத் திறந்தியோ?"

"எனக்கென்னத்துக்கு அலுமாரி? நீங்கள் எழுதிப்போட்ட நாலு வரியை அடிச்சன். கரண்ட் போச்சு. வந்த பிறகு திருப்பி அடிச்சால் அதே நம்பர், அதே ஒழுங்கு! எப்ப போட்டாலும் அந்தப் பெட்டி ஒரே இடத்திலையிருந்துதான் தொடங்குது. வீட்டை வந்து மேசையிலை கிடந்த உங்கடை மூண்டு கடிதத்தையும் பார்த்தன். அதே மூண்டு நம்பர்."

"பாழ்படுவாளே, எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். கை உயர்த்தி, 'சேர், ஒரே நம்பர் வருது' எண்டு சொன்னனான். 'பிழையா அடிச்சிருப்பாய், இரு பிள்ளை' எண்டு எல்லாருக்கும் முன்னாலை இருத்தினியள்."

உண்மைதான். இருத்தினேன். வெள்ளைத் துணியால் பெட்டியையும் ஒருமுறை துடைத்தேன்.

"அதுக்கு முள்ளோடி? பாற்காவடி எண்டு எழுதியிருக்கலாமே?"

அவள் பதில் சொல்வதற்குள் மாமா வந்துவிட்டார். வாயெல்லாம் பல். "தம்பி, அடுத்த வருஷத்துக்கும் இதே மேளகாரரைச் சொல்லிப்போட்டன்."

"அடுத்த வருஷமோ?"

"பின்பக்கம் நீர்தானே எழுதினனீர்? 'கலியாணம் நடந்தால் உயிருள்ளவரை வருஷா வருஷம்' எண்டு."

நான் பின்பக்கம் பார்க்கவில்லை. வசந்தி நிலத்தைப் பார்த்தாள்.

கலியாணம் நடந்தது. அந்தக் கொழும்புக் கடிதத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. மாமா கடைசிவரை என்னைப் பெரிய முருக பக்தன் என்றே நம்பிக் கண்ணை மூடினார். இப்போது நாங்கள் இருப்பது ரொறன்ரோவில். இங்கும் முருகன் கோயில் இருக்கிறது. முள்ளுக் குத்த ஆளும் இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முதல் கிழமை எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வரும்; அந்தக் கடிதம் நான் எழுதியதே இல்லை என்ற ஞாபகமும் கூடவே வரும். பேரப்பிள்ளைகள் உட்பட வீடே சுற்றி நின்று காத்திருக்கும், மாலதி என்ன சொல்வாள் என்று. அவளும் குங்குமம் வைத்துக்கொண்டே ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள்:

"நீங்கள் எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியுமப்பா. ஆனால் நம்பர் சரியாத்தானே இருந்தது."