எட்டாம் மாதத்துச் சவரம்

பாலக்கரை, திருச்சி
22-2-1961

மருங்காபுரி சம்பந்தி திரு. வீரமலை அவர்களுக்குப் பாலக்கரை வெள்ளைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி வேலம்மாளும் உங்கள் மருமகள் வள்ளிக்கண்ணுவும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாள் பாப்பாயி அவர்களும் ஆடு மாடுகளும் சுகமாக இருக்கச் சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். என் வீட்டில் இருக்கும் நான்காவது ஆளையும் இந்த வரிகளிலேயே சேர்த்திருக்க வேண்டும். இன்று எனக்கு அதற்கு மனம் வரவில்லை. மீதிக் கடிதம் முழுவதும் அவரைப் பற்றித்தான், ஆகையால் உட்கார்ந்து படியுங்கள்.

தை மாதம் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அது முறை. வீட்டு வாசலில் ஜட்கா வண்டியை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால், டிரங்குப் பெட்டியோடு உங்கள் மகன் மருதையும் இறங்குகிறார். இது எந்த முறை என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையாயிற்றே, நாலு நாள் இருந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். இதோடு ஐந்து வாரம் ஆகிறது. நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்து, மூட்டைத் தூசியை மூக்கில் ஏற்றி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் ரிடையர் ஆனேன். அதன் பிறகு காலையில் பேப்பர் படிப்பது, மத்தியானம் ஈஸிசேரில் தூங்குவது என்று இரண்டே இரண்டு காரியம் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பேப்பரை முதலில் மாப்பிள்ளை படிக்கிறார். ஈஸிசேரிலும் அவர்தான். கல்யாணம் பேச வந்தபோது, "பையனுக்கு வேலை வந்துகிட்டே இருக்குங்க" என்றீர்கள். அது எந்த ஊரிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்கே கேட்காமல் விட்டது என் தப்பு.

அவருக்குச் சோறு போடுவது எனக்குப் பாரமில்லை, சம்பந்தி. பிள்ளை பிறந்ததும் பேர் வைக்க நாலு பேர் வருவார்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். கேட்காமல் போக நம் சனங்களுக்குத் தெரியாது. என் பெண் அப்போது தலையைக் குனிந்துகொள்ளும். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்படி இருக்கும்போது மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில், ரயிலில் அரிசி அனுப்பும் வேலையைக் கவனிக்கக் குமாஸ்தா வேண்டும் என்று தெரியவந்தது. மனுவை நான் எழுதினேன். கையெழுத்தை மட்டும் அவரைப் போடச் சொன்னேன். இருபதாம் தேதி திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. அதே வாரம் ஞாயிறு பேப்பரில், வேலைக்கு நேரில் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு புண்ணியவான் ஒரு பக்கம் எழுதியிருந்தான். நகம் வெட்டியிருக்க வேண்டுமாம், கோட்டு போட வேண்டுமாம், ஷூ முகம் தெரியும்படி பளபளக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, முகம் மழுமழுவென்று இருக்க வேண்டும், தாடிக்காரனைப் பார்த்ததுமே சோம்பேறி என்று முதலாளிக்குத் தோன்றிவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் நிமிர்ந்து ஈஸிசேரைப் பார்த்தேன். அங்கே உங்கள் மகனின் தாடி படுத்துக்கொண்டிருந்தது.

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இந்த வள்ளிக்கண்ணு வயிற்றில் இருந்தபோது நானும் மார்பு வரைக்கும் வளர்த்தவன்தான். ஆனால் அன்று எனக்கு வேலை இருந்தது. தாடியோடு வேலைக்குப் போவது வேறு, தாடியோடு வேலை கேட்கப் போவது வேறு. இதையெல்லாம் விளக்கி உங்களுக்கு ஒரு கடிதம் போட்டு உத்தரவு கேட்டேன். அம்மாள் ஒப்பவில்லை, கர்ப்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள், பிள்ளைக்கு ஆகாது என்று மூன்று வரியில் பதில் எழுதினீர்கள். தாடியைக் காப்பாற்ற மூன்று வரி எழுதிய நீங்கள், பையனின் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? வள்ளிக்கண்ணு ஒரு நாள் முழுக்க அழுதது. பிறகு என்னிடம் வந்து, "எனக்குத் தெரியாம செஞ்சுடுங்கப்பா" என்றது. அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றுக்கொண்டுதான் இறங்கினேன்.

பாலக்கரையில் நாங்கள் வழக்கமாகப் போகும் சலூன்காரர் உங்கள் மகனைக் கண்டதும் கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எங்கள் வீட்டு விசேஷம் தெருவுக்கே தெரியும். ஆகவே ஆளறியாத இடமாகப் போவோம் என்று மறு ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பதாம் தேதி காலையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். வாயைத் திறக்கக் கூடாது, எது கேட்டாலும் தலையை ஆட்டினால் போதும் என்று பஸ்ஸில் படித்துப் படித்துச் சொன்னேன். மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் காத்தான் என்பவர் கடை. உட்கார வைத்து, சோப்பு நுரை போடும் வரை பக்கத்திலேயே நின்றேன். வெற்றிலை வாங்க எதிர்க்கடைக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வந்தால் வலது கன்னம் மழுமழுவென்று இருக்கிறது. இடது கன்னத்தில் தாடி அப்படியே இருக்கிறது. காத்தான் கத்தியைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். விஷயம் இதுதான். வேலை செய்கிறவர் பேச்சுக் கொடுப்பாரில்லையா, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். ஆயிற்று என்றிருக்கிறார் இவர். குழந்தை உண்டா என்று கேட்டிருக்கிறார். எட்டாம் மாசம் என்று, கேட்காத கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

"பெரியவரே, இந்தப் பாவத்துல என்னையும் கூட்டுச் சேக்கலாமுங்களா? பாதிக்குக் காசு வேணாம், கூட்டிட்டுப் போங்க" என்றார் காத்தான். பாதி எடுத்ததும் பாவம், மீதியையும் எடுத்துவிட்டால் பாவம் ஒன்றாகவே முடியுமே என்று எவ்வளவோ வாதாடினேன். அவர் அசையவில்லை. அசையாததோடு நிற்காமல், அந்தத் தெருவில் இருந்த மற்ற இரண்டு கடைகளுக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டார். கடைசியில் மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் துண்டைக் கட்டி, பல்வலிக்காரரைப் போலப் பஸ் ஏற்றினேன். கண்டக்டர் இரக்கப்பட்டு, பல் வலியா என்றார். தலையை ஆட்டினால் போதும் என்று சொல்லியிருந்தேனே, ஆட்டினாரா? "இல்லைங்க, பாதித் தாடி" என்று துண்டை அவிழ்த்தே காட்டினார். உங்கள் மகன் பொய் சொல்ல மாட்டார் என்று சம்பந்தி அம்மாள் பெருமையாகச் சொன்னபோது, அது ஒரு வியாதி என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மீதிப் பாதியைக் கிணற்றடியில் வைத்து நானே எடுத்தேன். ஐம்பத்தேழு வயதில் என் கை நடுங்குகிறது. இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது, படிகாரம் தடவினேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளேடு, அதுவும் அந்தத் தாடியிலேயே மழுங்கிப்போயிற்று. இந்த அலைச்சலில் நான் சவரம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. என் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். கோட்டு என்னிடம் இல்லை. தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அமிர்தராஜ், படம் எடுக்க வருகிறவர்களுக்கு மாட்டிவிடும் கறுப்புக் கோட்டை மடித்துக் கொடுத்தார். முன்பக்கம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். ஏன் சிரித்தார் என்று திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. குண்டானவர், ஒல்லியானவர் எல்லோருக்கும் சேர வேண்டும் என்று அதன் முதுகை மேலிருந்து கீழே வரை வெட்டி, இரண்டு நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள். முன்னால் பார்த்தால் கலெக்டர், பின்னால் பார்த்தால் வெறும் பனியன். முதுகைக் காட்டாமல் இருந்தால் போதும் என்று உள்ளே சட்டையைப் போட வைத்து, நாடாவைக் கட்டினேன். ஷூ என்னுடையது, கூட்ஸ் ஷெட் காலத்தது. அவருக்குப் பெரிதாக இருந்ததால் முனையில் பேப்பரைத் திணித்தேன். எந்தப் பேப்பர் என்று பிறகு பார்த்தால், அந்தப் புண்ணியவான் எழுதிய பக்கம்.

மில்லில் மாப்பிள்ளையை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மார்பு வரை தாடி வைத்த ஒருவர், தவிட்டுத் தூசி படிந்த வேட்டியோடு, ஒரு காகிதத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். மில் ஆள் என்று நினைத்தேன். ரயில்வேயிடம் சரக்கு வேகன் கேட்டு எழுதுகிற ஃபாரம் அது, மூன்று தடவை திரும்பி வந்துவிட்டதாம். எடையையும் மூட்டைக் கணக்கையும் கட்டம் மாற்றி எழுதினால் திரும்பி வராமல் என்ன செய்யும்? இருந்த எரிச்சலில் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, நானே புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "வீட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?" என்றார். என் பெண் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய், மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்தான் மேனேஜர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய மனைவிக்கு இது ஒன்பதாம் மாசம் என்று வாட்ச்மேன் சொன்னார்.

இனி நடந்ததை ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கன்னத்தில் என்ன காயம் என்றார் மேனேஜர். மாமா சவரம் செய்தார் என்றார் உங்கள் மகன். மனைவி மாசமாக இருக்கும்போதா என்றார். ஆமாம், எட்டாம் மாசம் என்றார். எதற்காக என்றார். இந்த வேலைக்காகத்தான் என்றார். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, மூலை அலமாரியில் இருக்கும் ரிஜிஸ்தரை எடுக்கச் சொன்னார். உங்கள் மகன் எழுந்து திரும்பினார். நாடா எப்போதோ அவிழ்ந்துபோயிருந்தது.

"கோட்டுக்கு முதுகு எங்கய்யா?"

"இதுக்கு முதுகு கிடையாதுங்க. போட்டோவுல முதுகு விழாதாம்."

மேனேஜர் சிரிக்கக்கூட இல்லை. "பொறக்கப் போற பிள்ளைக்காக ரெண்டு மாசம் பொறுத்துக்க முடியாதவரு, என் அரிசிக்காகவா பொறுத்துக்கப் போறீங்க? போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பசித்தது. வீட்டில் வள்ளிக்கண்ணு அவருடைய கன்னத்துக் காயத்தைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டது. நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, முடிவாக எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே நேரில் வந்து உங்கள் மகனை டிரங்குப் பெட்டியோடு அழைத்துப் போக வேண்டியது. தாடி வளர்ந்து, வேலையும் வந்து சேர்ந்த பிறகு அனுப்பிவைக்கலாம். அதுவரை என் ஈஸிசேரும் என் பேப்பரும் எனக்கு வேண்டும். இதில் மாற்றம் இல்லை.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கமும் வேலம்மாளின் விசாரிப்பும். உங்கள் வயலும் வீடும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த சம்பந்தி
வெள்ளைச்சாமி

பி.கு. (24-2-1961): கடிதத்தைத் தபாலில் போடத் தாமதமானதும் நல்லதுதான். நேற்று மில்லிலிருந்து ஒரு ஆள் வேலை உத்தரவோடு வந்தார். மாப்பிள்ளை பெயரைத் தேடினேன், இல்லை. என் பெயர் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த ஃபாரத்துக்கு மூன்று வேகனும் கிடைத்துவிட்டதாம். புருஷனே சிரைத்துவிட்டாலும், பெண்ணுக்காகத் தாடி விட்டிருக்கும் தகப்பனாரை விட்டுவிடக் கூடாது என்று மேனேஜர் சொன்னாராம். முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "பேரு வைக்க வர்றவங்ககிட்ட, தாத்தா வேலைக்குப் போறாருன்னு சொல்லிக்கலாம்ல அப்பா" என்றது வள்ளிக்கண்ணு. ஆகவே வருகிற திங்கட்கிழமை முதல் எட்டு மணி பஸ்ஸுக்கு நான் போகிறேன். வலி கண்டால் ஜட்கா பிடிக்க வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வேண்டுமாம், அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். மேனேஜர் போட்டது ஒரே நிபந்தனை, பிரசவம் ஆகும்வரை நான் தாடியை எடுக்கக் கூடாது. நேற்று எனக்கென்று வாங்கி வந்த புதுப் பிளேடை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார், ஒரு தடவை எடுத்தாயிற்று, இனிமேல் எடுத்தால் என்ன என்கிறார். இதை எழுதும்போது அவர் மழுமழுவென்று ஈஸிசேரில் படுத்து என் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.