தலைமைக் கனவாளர்

"ஒண்ணு கூடவா வரல?" என்று மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, கணக்கர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நான் தூங்கினா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன் மேடம். கண்ணை மூடுவேன், தொறப்பேன், ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கனவு வேணும். கணக்குப் பாக்க இப்பல்லாம் மிஷினே இருக்கு, தெரியுமில்ல?" என்றார் மேடம், மிகவும் அன்பாக.

அவர்கள் வேலை பார்த்த இடத்துக்கு எதிர்காலக் கூடம் என்று பெயர். இன்னும் வராத காலத்துக்கு இப்போதே சாமான் செய்து பார்ப்பார்கள். மழை அடியோடு நின்றுபோனால் சமையலறையில் என்ன பாத்திரம் இருக்கும், பணம் செல்லாக்காசானால் கடைக்காரர் எதை வாங்கிக்கொண்டு சோப்பு கொடுப்பார் என்றெல்லாம் யோசித்து, மாதிரி செய்து, கண்ணாடிக்குள் காட்சிக்கு வைப்பார்கள். விற்பதற்கு அல்ல. பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் பயந்து, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில நாளாகக் கூடத்தில் யோசனை வறண்டுபோய்விட்டது. "முழிச்சிட்டு யோசிச்சா நேத்து நடந்ததுதான் ஞாபகம் வரும். நாளைக்கு நடக்கப்போறது கனவுலதான் வரும்" என்று மேடத்துக்கு ஒரு சித்தாந்தம். அதனால் எல்லோரும் கனவு கொண்டுவர வேண்டும், கணக்கர் உள்பட.

கணக்கர் இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் ஏது? இருட்டு பிரியும் முன்பே வேன் வந்துவிடும். திரும்பி வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிப்போவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், வாரத்துக்கெல்லாம் சேர்த்துத் தூங்குவார். அவர் மனைவி ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். பகலில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

வியாழக்கிழமை விடியற்காலை, அவள் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்குப் போடாமல் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் தெருவிளக்கின் பால் நிற வெளிச்சம். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண்கள் மூடியபடியே, மெதுவாக, மனைவி பேசினாள்.

"பஸ்ஸு நிக்குது. யாருமே ஏறல. பக்கத்துல வரிசையா உக்காந்திருக்காங்க. பஸ்ஸு கிளம்புது. எல்லாரும் எந்திரிச்சு அதோட ஒட்டிக்கிட்டே நடக்குறாங்க. பஸ்ஸும் மெதுவாவே போவுது, பாவம்."

கணக்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூக்கத்தில் பேசுகிறவர்களை எழுப்பினால் ஆகாது என்று எங்கேயோ கேட்டிருந்தார். மூச்சுக்கூட விடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினார்.

அதைத் தன் கனவாகக் கணக்கர் சொல்ல, மேடம் கேட்டுவிட்டு எழுந்து ஜன்னலருகே போனார். "நிழல்" என்றார். "அவங்க பஸ்ஸோட நிழல்ல நடக்குறாங்க. அடடா! நிழலே பொதுப் போக்குவரத்து!"

கூடத்தில் மாதிரி செய்கிற தச்சர் தலையைச் சொறிந்தார். "ஏறாத பஸ்ஸுக்கு சீட்டு வைக்கணுமா மேடம், வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா உயரமா இருக்கணும்."

பஸ் தயாரானது. கூட்டம் அலைமோதியது. கணக்கர் ஒரே வாரத்தில் தலைமைக் கனவாளர் ஆனார். தனி அறை, தனி மேஜை. வாரத்துக்கு ஒரு கனவு தந்தால் போதும்.

மனைவி கைவிடவில்லை. அடுத்த வாரமும் பேசினாள். "குடமா நிக்குது, தெரு முனை வரைக்கும். ஒத்த ஆள் இல்ல. ஒருத்தர் வந்து இன்னொருத்தர் குடத்தை விலை பேசுறார். குடத்தை இல்ல, அது நிக்கிற இடத்தை."

"தண்ணிக்கு இல்ல, வரிசைக்கு விலை! எப்பேர்ப்பட்ட பொருளாதாரம்!" என்று மேடம் உருகினார். உருகிவிட்டு, "குடத்துக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டார் கணக்கர். தூங்குகிறவளிடம் போய்ச் சந்தேகமா கேட்க முடியும்? ஆனால் மறுநாள் விடியலில், தானாகவே, "எல்லாக் குடத்துலயும் ஒரு கல்லு. காத்துல உருண்டுடாம இருக்க" என்றாள். கணக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கத்தில்கூட என் மனசைப் படிக்கிறாளே என்று எண்ணியெண்ணிப் பூரித்துப்போனார்.

பூரிப்பில்தான் வினை வந்தது. இத்தனை உழைக்கிறவளுக்கு நல்ல தூக்கம் வேண்டும், தூக்கம் கூடினால் கனவும் கூடும் என்று கணக்குப் போட்டு, பூப்போல ஒரு தலையணை வாங்கி வைத்தார். அவ்வளவுதான். அவள் அன்றிலிருந்து விடியலில் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

வேறு வழியில்லாமல் கணக்கர் சொந்தமாக ஒன்றைச் சமைத்தார். பறக்கும் கார்கள், தங்கக் கோபுரம், ரோபோ போலீஸ்.

மேடம் கொட்டாவி விட்டார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? நாளைக்குப் பணம் போடுற பெரிய மனுஷங்க வர்றாங்க. அவங்க முன்னாடியே தூங்குங்க. நேரா உங்க வாயால கேக்கட்டும்."

கண்ணாடி அறையில் கட்டில் போட்டார்கள். மெல்லிய நீல விளக்கு. சுற்றிலும் நாற்காலி. கணக்கர் பயத்தோடுதான் படுத்தார். ஆனால் தலை சாய்ந்ததும் வழக்கம்போல அடித்துப் போட்ட தூக்கம். எழுந்தபோது எல்லோரும் பேனாவோடு காத்திருந்தார்கள்.

"எதிர்காலத்துல என்ன பாத்தீங்க?"

அரைத் தூக்கத்தில் வாயில் உண்மை வந்துவிட்டது. "ஒண்ணுமே இல்லீங்க."

"ஒண்ணுமேவா?"

"சுத்தமா ஒண்ணுமில்ல. நல்லா இருந்துச்சு."

பெரிய மனிதர்களில் ஒருவர் முகம் வெளுத்தார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கேயே பணத்தை இரண்டு மடங்காக்கினார்கள். கூடத்தைக் காலிசெய்து, அத்தனை அறைகளிலும் ஒன்றுமில்லாததைக் காட்சிக்கு வைப்பதென்று முடிவாயிற்று.

மாலையில் தச்சர் இழைப்புளியைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்றார் கணக்கர்.

"ஒண்ணுமில்லாததைச் செய்ய நான் எதுக்கு சார்? நாளையிலேருந்து வர வேண்டாம்னுட்டாங்க. நீங்களாவது ரெண்டு மேஜை நாற்காலியைக் கனவு கண்டிருக்கக் கூடாதா?"

தன் வேலையைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று கணக்கர் நேராக மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "ஒரு கனவும் என்னுது இல்ல மேடம். எல்லாம் என் சம்சாரம் விடிகாலையில தூக்கத்துல பேசினது. புதுத் தலையணை வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டேன்."

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். அவங்க எங்களுக்காகத் தூங்க ஒத்துக்கிட்டா உங்க வேலையும் இருக்கும், தச்சர் வேலையும் இருக்கும். இல்லன்னா ரெண்டும் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கணக்கர் முதல் காரியமாகப் பழைய தலையணையைத் தேடி எடுத்து வைத்தார். மேடத்தின் கார் நடுப்பகலில் வந்தது, கண்ணாடிகள் ஏற்றி, திரை போட்டு. இறங்கியவர் வெயிலுக்குப் பயந்து முகத்தைக் குடையால் மூடிக்கொண்டு ஓடிவந்து படியேறினார். கணக்கரின் மனைவி கழுத்தில் அளவு டேப்போடு கதவைத் திறந்தாள்.

"வாங்க, உள்ள வாங்க. வீடு ஒரே துணியா கிடக்கு, தப்பா நினைக்காதீங்க."

மேடம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க வாயிலேருந்து வந்த ஒவ்வொண்ணும் எங்களுக்குப் பொக்கிஷம்மா. அந்த பஸ்ஸு! அந்தக் குடங்க! இன்னும் அம்பது வருஷம் கழிச்சு வரப்போறதைத் தூக்கத்துல இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல."

மனைவி மேடத்தைப் பார்த்தாள். பிறகு கணக்கரைப் பார்த்தாள். கணக்கர் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்கத்துலயா? நேத்து நம்ம தெருவுல நடந்ததைத்தான் மேடம் இவர் வேலைக்குக் கிளம்புறப்ப அப்பப்ப படுத்தபடியே சொல்லிட்டிருந்தேன். ஒரு நாளாவது 'உம்' கொட்டுவாரான்னு பாத்தா, மனுஷன் நான் தூங்குறேன்னுல்ல நினைச்சிருக்காரு!"