தாய்வீட்டுக்குத் தரை சரியில்லை

வெண்ணந்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா கைலாசம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், உன் அம்மா நலம், மாடும் நலம். அங்கே ஹூப்ளியில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஆளும் சௌக்கியமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். எந்த மாடு என்று உடனே பதறாதே. நீ பதறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே படி, வரிசையாகச் சொல்கிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்திலிருந்து அதை முடித்துவிடுகிறாள், அதுவும் நான் நினைத்த மாதிரி முடிப்பதில்லை. வீடியோவில் பேசலாம் என்றால் என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துவிடும். கொஞ்ச நாளாக அவள் உன்னிடம், 'வண்டி ரெடி சாமி, ஏறி உக்கார வேண்டியதுதான் பாக்கி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அத்தனையும் புளுகு. வண்டி ரெடியாக இல்லை. வண்டிக்குத் தரையே இல்லை.

பிரசவம் முடிகிற வரை நீ ஊரை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று உன் அம்மா சாப்பிடவில்லை. "தலப்பிரசவமுங்க. பொறந்த ஊட்டுல இருந்துதானுங்க புள்ள ஆஸ்பத்திரிக்குப் போகோணும்" என்று ஒரே பிடி. நீதான் வர முடியாது, அவளாவது உன்னிடம் வரலாம் என்றால், குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். ரயில் கழிப்பறை என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிப்போகிறது. விமானத்தில் நாலு பேர் சேர்ந்து பூ மாதிரி தூக்கி உட்கார வைப்பார்களாம் என்றேன். "நாலு பேரு என்னைத் தூக்கறதுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க" என்றாள். நான் மட்டும் வரலாம் என்றால் அவளை யாரிடம் விட்டு வருவது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மகள் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்வீட்டுக்குச் சக்கரம் வைத்து மகளிடம் ஓட்டிக்கொண்டு போனால் என்ன? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு நம் பக்கம் பஞ்சமா? இளஞ்செழியன் என்று ஒரு பட்டறைக்காரர், சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கேரவன் மாதிரியே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, அம்மாவின் நாற்காலி ஏற ஒரு சரிவுப் பலகை எல்லாம் வைத்துக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவருடைய விளம்பர அட்டையில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது. நான் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தேனே தவிர தரையைத் தட்டிப் பார்க்கவில்லை.

வண்டி வாசலில் வந்து நின்ற அன்று நீ பார்த்திருக்க வேண்டும். நான் தறி ஓட்டிப் பிழைத்தவன், எங்கே போனாலும் என் கண் துணிமேல்தான் போகும். திரைச்சீலையை விரலில் தேய்த்து நூலைப் பார்த்தேன். மெத்தை உறையைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். சாயம் ஒட்டுகிறதா என்று கைக்குட்டையை நனைத்துத் துடைத்தும் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. தரை தேக்கு மரம் மாதிரி பளபளவென்று முகம் தெரிந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன். அம்மாவின் நாற்காலியை உள்ளே தள்ளியபோது மட்டும் அடுப்புக்கு முன்னால் 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தது. "ஏனுங்க, அடியில வெத்தா இருக்கறாப்பல கேக்குதுங்களே" என்றாள். "சொகுசு வண்டின்னா மெத்து மெத்துன்னுதான் இருக்கும், உனக்கென்ன தெரியும்" என்று நான் பெரிய இன்ஜினியர் மாதிரி பதில் சொன்னேன்.

அதன் பிறகு, இது வண்டியா வீடா என்று ஒரு சண்டை. வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தால் முடிந்தது. டிரைவர் மாரி எலுமிச்சம்பழத்தோடு தயாராகவே வந்திருந்தார். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எம் மகளுக்குப் பொறந்த ஊடுன்னு சொல்லித்தானுங்களே கொண்டு போறோம்? பால் காய்ச்சாத ஊடு என்ன ஊடு? மாடு காலெடுத்து வெக்காத ஊட்டுக்கா எம் பேரப்புள்ள வரோணும்?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. நாள் பார்த்து, மாவிலை கட்டி, ஐயரை வரவழைத்து, முறைப்படி புதுமனை புகுவிழா வைத்துவிட்டோம். மாரிக்கும் மனம் கோணக் கூடாது என்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தோம்.

அடுத்த தெரு செல்லாயி தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாட்டின் பெயர் மோனிஷா. சிரிக்காதே, அவள் பேத்தி வைத்த பெயராம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, கல்யாணப் பெண் தோற்றாள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நாற்காலியை உள்ளே கட்டிலோரமாக நிறுத்தி, மடியில் ஆரத்தித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மோனிஷா சரிவுப் பலகையில் ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நேராக அடுப்பு வரைக்கும் போய்ப் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தது. அப்புறம் படீரென்று ஒரு சத்தம். வலது முன்னங்காலை முழங்கால் வரை காணோம்.

"ஐயோ, எஞ்சாமி, மோனிஷா!" என்று செல்லாயி போட்ட கூச்சலில் தறிப்பட்டறைகளே நின்றுவிட்டன. மாடு மட்டும் பதறாமல், நின்ற நிலையில் அடுப்புக்கு மேலே தொங்கிய மாவிலையை எட்டிக் கடித்துத் தின்றது. ஐயர் கீழே இறங்கி நின்றுகொண்டு, "மாடு உள்ளே வந்தாயிற்று, சாஸ்திரம் பூர்த்தி, காலை எடுப்பது உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். பலகையை முட்டுக்கொடுத்து, தாங்கிப் பிடித்து, ஒருவழியாகக் காலை வெளியே எடுத்தோம். ஒரு கீறல் இல்லை. எப்படி இருக்கும்? கால் இறங்கிய இடம் முழுக்கத் தெர்மாகோல்.

மாரி டார்ச்சோடு ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மேலே தேக்கு மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன் கீழே அப்பளம் கனத்துக்கு ஒரு பிளைவுட். அதன் கீழே டி.வி. பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மாகோல் துண்டுகள். குறுக்கே வர வேண்டிய இரும்புச் சட்டங்களில் ஒன்று விட்டு ஒன்று காணோம். எல்லாவற்றுக்கும் அடியில், தகடு இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ காதணி விழாவுக்கு வைத்த பழைய பிளக்ஸ் பேனர். கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் ஒருவர் நம் வீட்டுத் தரைக்கு அடியிலிருந்து கும்பிட்டபடி 'வருக வருக' என்றார்.

இளஞ்செழியன் வந்தார், பார்த்தார், என்மேலேயே பாய்ந்தார். "ஏனுங்கய்யா, இது மனுசங்க நடக்கற தரைங்க. இதுல மாட்டைக் கொண்டாந்து ஏத்திப்போட்டு என்னையக் கேட்டா? ஊரே சிரிக்குமுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பதிலுக்குக் கத்த ஆரம்பித்தேன். அம்மாதான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சத்தமே போடவில்லை.

"மாட்டை வுடுங்க தம்பி. நானும் இந்த நாற்காலியும் சேந்தா எத்தனை கனம் இருப்பமுன்னு நெனைக்கறீங்க? எம் பேரப்புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு இதே எடத்துலதானுங்க நான் வரப்போறேன். அப்ப உள்ள போயிருந்தா ஊரு சிரிச்சிருக்குமுங்களா?"

அவர் சரிவுப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எல்லாரும் மெத்தையத்தானுங்கம்மா தொட்டுப் பாக்கறாங்க. தரையை ஆருங்க தூக்கிப் பாக்கறா? அந்தத் தெகிரியத்துல போட்டுட்டனுங்க" என்றார். மெத்தையைத் தொட்டுப் பார்த்த ஆள் பக்கத்திலேயே நிற்கிறேன் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போய்த் தன் கையாலேயே தரை முழுவதையும் பெயர்த்துவிட்டார்.

ஆகவே நர்மதா, இதுதான் விஷயம். வண்டி அங்கே எலும்புக்கூடாக நிற்கிறது. பழையபடி பளபளப்பாகத் தரை போட்டு முடிப்பதற்குள் உனக்குக் குறித்த நாள் தாண்டிவிடும். எங்களால் வர முடியாது. உன் மாமியார் நல்ல மனுஷி, அவரே முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தையைப் போர்த்துவதற்கென்று என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறாள் உன் அம்மா. தினமும் பெட்டியைத் திறந்து அத்தனையையும் வெளியே எடுத்து, மறுபடி மடித்து உள்ளே வைக்கிறாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழுகையாக வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ எங்கள்மேல் வருத்தப்படாதே, தைரியமாக இரு.

மாப்பிள்ளையை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடு, இடது பக்கமாகவே படு. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நூறு வயது சுகமாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா,
கைலாசம்.

பின்குறிப்பு: இதை அம்மா எழுதுகிறேன், சாமி. உன் அப்பா இந்தக் கடிதத்தை ஒட்டி, கூரியரில் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நீ இருக்கிற இருப்பில் இதையெல்லாம் படிக்கிறதா? பிரித்துப் படித்துவிட்டு, அனுப்பாமல் நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். இளஞ்செழியன் தம்பிக்குப் போன் போட்டு, "தேக்கும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம், லாரிக்குப் போடற தரையவே போடுங்க" என்றேன். சட்டம் ஒன்று விடாமல் வைத்து, மேலே கனத்த இரும்புத் தகடு அடித்துக் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் தடதடவென்று ஒரே சத்தம், அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். என் நாற்காலி இம்மிகூட அசையவில்லை. கிளம்புவதற்கு முன்னால் மோனிஷாவை மறுபடியும் ஏற்றிப் பார்த்தோம். உள்ளே போய்ச் சுகமாகப் படுத்துவிட்டது, கீழே இறக்கத்தான் பாடாய்ப் பட்டோம். போனில் நான் உன்னிடம் சொன்னது எதுவும் புளுகு இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் மாரி அண்ணன். கூரியர் முன்பே வந்து சேர்ந்து நீ அழுதுகொண்டிருப்பாய் என்று நினைத்து அப்பா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், உன்னைப் பார்க்கப் பயமாம். நீ எழுந்திருக்காதே. படுத்தபடியே தலையை ஜன்னல் பக்கம் திருப்பு. கூலிங் கிளாஸ்காரரை விட்டுவிட்டு 'வருக வருக'வை மட்டும் கத்தரித்துக் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம், தெரிகிறதா?

பொறந்த ஊடு வந்துருச்சு, சாமி.